சின்ன கார், சென்னை சாலை: வாசகர் கேள்வி – பதில்

கார் பகுதிக்கு வந்த கடிதங்களில் சின்ன ஹேட்ச்பேக் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறோம்.

எனக்கு வயது 58. தினமும் கிண்டி போய்வரவும், ஞாயிற்றுக்கிழமை மனைவி, மாமியாருடன் கோயிலுக்குப் போகவும் ஒரு சின்ன கார் வேண்டும். ஆல்டோ கே10, வேகன்ஆர், டியாகோ, கிராண்ட் ஐ10 நியோஸ். நான்கில் எது?
– நங்கநல்லூர் வாசகர்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஓர் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் அபார்ட்மென்டின் கீழ்த்தளத்துக்குப் போங்கள். உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் தூணுக்குத் தூண் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆல்டோவின் அகலம் 1,490 மி.மீ., வேகன்ஆர் 1,620, டியாகோ 1,677, நியோஸ் 1,680. தூண்களுக்கு நடுவே 2,300 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம் 100 மி.மீ. விட்டு ஒட்டி நிறுத்தினால், டிரைவர் கதவைத் திறந்து இறங்க நியோஸில் 520 மி.மீ. மிஞ்சும், வேகன்ஆரில் 580, ஆல்டோவில் 710. கொஞ்சம் பூசினாற்போல உடம்பு இருப்பவர் நிம்மதியாக இறங்க 550-க்குக் குறையக் கூடாது. தினம் இரண்டு வேளை தூணில் சட்டையைத் தேய்த்துக்கொண்டு இறங்குவதா என்பது இங்கேயே முடிவாகிவிடும்.

அடுத்தது மாமியாரின் முழங்கால். ஆல்டோவில் உட்கார உடம்பைத் தாழ்த்திக் கீழே இறக்க வேண்டும். எழும்போது கதவைப் பிடித்துத்தான் எழ முடியும். வேகன்ஆரின் சீட் நாற்காலி உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். டியாகோவும் நியோஸும் இரண்டுக்கும் நடுவே. விற்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள். மாமியாரையே அழைத்துப் போய்ப் பின்சீட்டில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் விஷயம்: ஆல்டோ 998 சிசி, மூன்று சிலிண்டர். டியாகோ 1,199 சிசி, அதுவும் மூன்று சிலிண்டர். நியோஸ் 1,197 சிசி, நான்கு சிலிண்டர். வேகன்ஆர் 1.0-இல் மூன்று, 1.2-இல் நான்கு. சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது மூன்று சிலிண்டரில் ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் ஒரு நடுக்கம் தெரியும். அது கோளாறு அல்ல, அந்த எஞ்சினின் இயல்பு. சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. பழகாதவர் நீங்கள் என்றால் நியோஸுக்குப் போங்கள். நான்கில் அமைதியானது அதுதான். மற்றபடி நீங்கள் சொன்ன தேவைக்கு வேகன்ஆர்தான் எங்கள் தேர்வு. அதன் பலவீனம் ஒன்று உண்டு. பாதுகாப்பு நட்சத்திரம் பற்றிய பதிலில் பாருங்கள்.

பட்ஜெட் போடும்போது: 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸும் சேர்த்து 29. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். புது காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சிசிக்குள் 6,521 ரூபாய், அதைத் தாண்டினால் 10,640. கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரி மறைந்துவிடும்.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்ப்பது என்றே தெரியவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.
– கே.கே. நகர் வாசகி

நன்றாகத்தான் இருக்கும். ஏசியை முன்னாலேயே ஓடவிட்டுக் குளிரவைத்து, காலிச் சாலையில் ஒரு சுற்று அழைத்துப் போய் வந்தால் தெரிவது ஸ்டீரியோவின் சத்தம் மட்டும்.

பிற்பகல் 2 மணிக்கு நேரம் கேளுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியையே கேளுங்கள். கூட மூன்று பேரை அழைத்துப் போங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு மூடி, ஏசியை முழுக் குளிரில், உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு 8 முதல் 12 டிகிரிக்குள் வந்துவிட வேண்டும். சிக்னலில் மூன்று நிமிடம் நிற்கும்போது அது எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நாலைந்து டிகிரி ஏறினால் சரி. 18-ஐத் தாண்டினால் அந்தக் கார் கத்திரி வெயிலில் உங்களைக் காப்பாற்றாது. நகரும்போது குளிர்ந்து நிற்கும்போது காய்ந்தால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸருக்கு முன்னால் காற்று போதவில்லை என்று பொருள்.

இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் மணிக்கு 10, 12 கி.மீ.-இல் உருட்டிப் பாருங்கள். குலுங்காமல் போக வேண்டும். குலுங்கினால் நெரிசலில் நாள் முழுக்க முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் கை அலைந்துகொண்டே இருக்கும். நான்கு பேரோடு, ஏசியும் ஓட, ஏதாவது ஒரு பேஸ்மென்ட் சாய்தளத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுங்கள். ஒரு லிட்டர் எஞ்சின்கள் மூச்சு வாங்கும் இடம் இதுதான்.

பிறகு ஒரு யு-டர்ன். முன்கண்ணாடியின் ஓரத் தூண் எதிரே வரும் பைக்கை மறைக்கிறதா என்று பாருங்கள். உங்கள் உயரத்துக்கு மறைத்தால், சீட்டை உயர்த்தும் வசதி இருக்கும் வேரியன்ட்டை வாங்குங்கள். கடைசியாக ஒரு வேகத்தடை: நான்கு பேரோடு குறுக்கே நேராக ஏற்றி இறக்குங்கள், அடியில் உரசும் சத்தம் வருகிறதா? இவ்வளவுக்கும் அரை மணி நேரம் ஆகும். தர மறுத்தால் வேறு டீலரிடம் போங்கள்.

கம்பெனி லிட்டருக்கு 24 என்கிறது. என் ஆல்டோ 12 தாண்ட மாட்டேன் என்கிறது. வண்டியில் கோளாறா, சர்வீஸில் ஏமாற்றுகிறார்களா?
– வடபழனி வாசகர்

முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம். டேஷ்போர்டு திரை காட்டும் எண்ணை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது கொஞ்சம் தாராள மனசோடுதான் காட்டும். ஒரே பங்க்கில், நாசில் தானாக ‘டக்’ என்று நிற்கும் வரை மட்டும் நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ரவுண்டாக வர வேண்டும் என்று மேலே ஊற்றச் சொல்லாதீர்கள். இதேபோல் மூன்று முறை. மூன்றிலும் போட்ட லிட்டர் 22.1, 20.8, 21.6 என்றால் மொத்தம் 64.5. ஓடியது 838 கி.மீ. என்றால் லிட்டருக்கு 13. ஒரே டேங்கை வைத்துப் போடும் கணக்கில் இரண்டு லிட்டர் இப்படி அப்படிப் போய்விடும்.

அடுத்து, அந்த 24 எங்கே கிடைத்தது? ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் காரை நிறுத்தி, ஏசி இல்லாமல், வகுத்துவைத்த வேகங்களில் ஓட்டி எடுத்த எண் அது. உங்கள் ஓட்டம் வேறு. காலையில் 8 கி.மீ. போக 40 நிமிடம். அதில் 15 நிமிடம் நிற்கிறீர்கள். ஏசியோடு நின்றால் சின்ன எஞ்சினே மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் குடிக்கும். ஆக நின்றதற்கு மட்டும் கிட்டத்தட்ட 0.23 லிட்டர். நகர்ந்த 8 கி.மீ.-க்கு லிட்டருக்கு 18 வீதம் 0.44. மொத்தம் 0.67 லிட்டரில் 8 கி.மீ., அதாவது லிட்டருக்கு 12. கார் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆற்காடு சாலைதான் குடிக்கிறது.

10-க்குக் கீழே போனால் மட்டும் கோளாறைத் தேடுங்கள். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றை, வண்டி ஓடாத காலை நேரத்தில், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிபாருங்கள். பங்க்கில் கேட்காமலே ‘முப்பது’ அடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, பழைய வண்டிகளில் அடிக்கடி நடப்பது. ‘சென்னை வெயிலுக்கு இது எதற்கு சார்’ என்று சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் உரிய சூட்டை எட்டவே எட்டாது. இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். காலையில் வண்டி எடுத்து பத்து நிமிடத்துக்குப் பிறகும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தால், அல்லது நீலக் குளிர் விளக்கு அணையாவிட்டால், வால்வு இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஏஎம்டி வாங்கலாமா? கிளட்ச் சீக்கிரம் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– போரூர் வாசகி

வாங்கலாம். ஆனால் அது என்ன என்று தெரிந்து வாங்குங்கள். ஏஎம்டி-க்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் அதே கிளட்ச் பிளேட்டும்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது, அவ்வளவே. கால் செய்யும் தப்பையும் அதைச் செய்யவைக்க முடியும்.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நிற்கின்றன. பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை அதே இடத்தில் மிதக்கவிடுகிறீர்கள். உள்ளே கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டிருக்கிறது. சில நிமிடங்களில் கருகிய வாசனை வரும். ஏற்றத்தில் நிற்க பிரேக் மட்டுமே. நகரும்போது ஒரே அழுத்தில் நகருங்கள். நெரிசலில் முன்வண்டி ஓரடி நகர்ந்தால் நீங்களும் ஓரடி நகராதீர்கள். ஒரு கார் நீளம் இடம் விழட்டும், பிறகு பிரேக்கை மட்டும் விட்டு உருளவிடுங்கள். நடுவே ஆட்டோ நுழையத்தான் செய்யும். நுழையட்டும், கிளட்ச் செட்டை விட ஆட்டோ மலிவு. சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப்போவது தெரிந்தால் நியூட்ரல். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது தலை முன்னே ஆடும். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தினால் அடங்கிவிடும். இந்தப் பெட்டிகளில் ‘பி’ நிலை கிடையாது. நிறுத்தும்போது கியரில் விட்டு ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

மேனுவல் வைத்திருப்பவர்கள் கிளட்ச்சைச் சோதிக்க எளிய வழி: சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, எஞ்சினை 1,500 சுற்றில் வைத்துக் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் பிளேட் வழுக்குகிறது. மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலி பெரிது, பேரிங்குக்காக இன்னொரு முறை இறக்க வேண்டாம்.

தினம் ஒரு மணி நேரம் நெரிசலில் இருப்பவருக்கு மேனுவலைவிட சுமார் 50,000 ரூபாய் கூடக் கொடுப்பது இடது முழங்காலுக்கான செலவு. அதைக் கொடுக்கலாம்.

சிஎன்ஜி லாபமா? தினம் 8 கி.மீ.தான் ஓட்டுவேன்.
– மயிலாப்பூர் வாசகர்

இல்லை. பெட்ரோல் 101 ரூபாய், லிட்டருக்கு 14 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 7.21 ரூபாய். சிஎன்ஜி கிலோ 91 ரூபாய், நகருக்குள் கிலோவுக்கு 22 கி.மீ. என்றால் 4.14. மிச்சம் 3.07. வண்டிக்குக் கூடக் கொடுத்தது 90,000 ரூபாய் என்று வைத்தால், அதை எடுக்க 29,300 கி.மீ. ஓட்ட வேண்டும். உங்கள் மாதம் 200 கி.மீ. ஓட்டத்துக்கு 12 வருடம் ஆகும். அதுவே தாம்பரத்திலிருந்து சிறுசேரி போய்வரும், மாதம் 1,250 கி.மீ. ஓட்டுபவருக்கு இரண்டே வருடம். அன்றைய விலைகளைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள: மாருதியின் ஒரு லிட்டர் எஞ்சின் சிஎன்ஜியில் ஓடும்போது சுமார் 67 குதிரைத்திறனிலிருந்து 57-க்கு இறங்கும், நான்கு பேரோடு ஏற்றத்தில் அது தெரியும். வேகன்ஆரில் டிக்கியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். டியாகோவில் சிலிண்டரை இரண்டாகப் பிரித்துத் தரையில் படுக்கவைத்திருப்பதால் ஒரு பெட்டி வைக்க இடம் மிஞ்சும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) கட்டாயம். வெளியே கிட் போட்டால் ஆர்.சி.யிலும் இன்ஷூரன்ஸிலும் பதிந்தாக வேண்டும். பங்க் வரிசையில் காத்திருக்கும் 20 நிமிடத்துக்கு யாரும் விலை போடுவதில்லை, நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

13 இஞ்ச் சக்கரத்தை எடுத்துவிட்டு 15 இஞ்ச் அலாய் போடலாமா?
– அண்ணா நகர் வாசகர்

வேண்டாம். ஸ்டீயரிங் கனக்கும், மைலேஜ் இறங்கும், பள்ளத்தில் ரிம் வளையும். திருப்பத்தில் டயர் உள்வளைவில் உரசும். போட்டே ஆக வேண்டுமென்றால் அதே மாடலின் உயர் வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் அளவோடு நில்லுங்கள்.

இரண்டரை லட்சத்துக்குள் பழைய கார் பார்க்கிறேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– மேடவாக்கம் வாசகர்

சென்னையில் பழைய கார் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம். இரண்டிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ டேஷ்போர்டு வரை முங்கின. அவையெல்லாம் உடைக்கப் போய்விடவில்லை. கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து விற்பனைக்கு வந்தவையும் உண்டு.

சீட் பெல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். இழுத்தால் வரும் வரை அல்ல, சுருளின் கடைசி அங்குலம் வரை இழுங்கள். துடைப்பவர் கை எட்டாத இடம் அது. கடைசி ஓரடியில் பழுப்பு நிறக் கோடோ, விரலில் ஒட்டும் மண்மாவோ இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. இருந்தாலும் பாருங்கள்: முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளின் தலை துருப்பிடித்திருக்கிறதா, ஸ்பானர் பட்ட தழும்பு இருக்கிறதா? ஒழுங்காக ஓடிய காரில் சீட்டைக் கழற்ற வேண்டிய அவசியம் அபூர்வம். மிதியடியைத் தூக்கி, அதன் கீழே ஒட்டியிருக்கும் கம்பளத்தின் ஓரத்தைக் கிளப்பி, அடியிலுள்ள பஞ்சை மூக்கருகே கொண்டுபோங்கள். ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்ற வளையம். ஹெட்லைட்டுக்குள் கிடையாக ஒரு கறைக்கோடு. ஸ்டீயரிங்குக்குக் கீழே டார்ச் அடித்து, வயர்க் கட்டின் மேல் சுற்றிய டேப்பின் மடிப்பில் வண்டல். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடி மூலை.

இதற்கெல்லாம் தப்பித்துவிட்ட வண்டியை ஒரு காகிதம் காட்டிக்கொடுக்கும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளை வரிசையாகக் கேளுங்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் தள்ளுபடி) 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். 2023 பாலிசியில் 45 இருந்து, அடுத்த வருடம் பூஜ்யமாகியிருந்தால், நடுவே ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. என்ன கிளெய்ம் என்று கேளுங்கள், பதிலைவிடப் பதில் சொல்லும் முகத்தைப் பாருங்கள்.

மற்றவை: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்; நீங்கள் போகும்போதே பானட் சூடாக இருந்தால் மறுநாள் வாருங்கள். ஆயில் மூடியின் அடியில் வெள்ளைப் பசை தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். டயர் ஓரத்தில் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரத் தயாரிப்பு. பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயதான டயர் வயதானதுதான். பெசன்ட் நகர், கொட்டிவாக்கம், எண்ணூர் போலக் கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் கதவுகளின் கீழ் மடிப்பையும் சைலன்சர் இணைப்புகளையும் குனிந்து பாருங்கள்.

மாடல் விஷயத்தில் பாசம் வேண்டாம். முதல் தலைமுறை ஃபிகோ மறைமலை நகரிலும் டட்சன் ஒரகடத்திலும் செய்தவை, நம் ஊர் வண்டிகள். ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, டட்சன் 2022-இல் விடைபெற்றது. சின்ன உதிரிபாகம் கிடைக்கும், பம்ப்பர், ஹெட்லைட் போன்றவற்றுக்கு அலைய நேரும். இரண்டரை லட்சத்தில் ஆல்டோ, ஐ10, பழைய வேகன்ஆர் மூன்றும் எந்தத் தெரு மெக்கானிக்குக்கும் கைப்பழக்கம்.

பணம் கொடுக்கும் நாளில் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து வாங்குங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் ஃபாரம் 35-உம் பேங்க் என்.ஓ.சி.யும் வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் பாக்கி சலான்களைப் பார்த்துவிடுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்றுங்கள். விற்பவரின் போனஸ் அவரோடு போய்விடும், அது காருக்குச் சொந்தமானது அல்ல.

நட்சத்திரம் குறைந்த காரை நகருக்குள் மட்டும் ஓட்டினால் பரவாயில்லையா?
– திருவான்மியூர் வாசகி

கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் முடிவுகள்: டியாகோவுக்கு 2020-இல் 4 நட்சத்திரம், நியோஸுக்கு அதே ஆண்டு 2. ஆல்டோ கே10-க்கு 2023-இல் 2, வேகன்ஆருக்கு 1. சோதனை விதிகள் நடுவே கடுமையாகிவிட்டதால் 2020-இன் 4-ஐயும் 2023-இன் 2-ஐயும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் வேகன்ஆரின் உடற்கூடு மோதலில் நிலைகுலைந்தது என்பது முக்கியம். 2025-இல் மாருதி அதற்கு ஆறு ஏர்பேக் கொடுத்தது. ஏர்பேக்கால் தலையையும் மார்பையும் தாங்க முடியும், நசுங்கும் கூட்டைத் தாங்க முடியாது. மணிக்கு 30-இல் நகரும் தியாகராய நகருக்கு இது பெரிய விஷயம் அல்ல. ஈ.சி.ஆரில் மகாபலிபுரம், ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் என்று மாதம் இரண்டு முறையாவது போகிறவர் டியாகோவை எடுங்கள். எந்தக் காரானாலும் பின்சீட்டில் பெல்ட் போடுங்கள்.

மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம்?
– மேற்கு மாம்பலம் வாசகர்

நின்ற தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை. ஆல்டோவின் 145/80 ஆர்13 டயரின் மொத்த உயரம் 562 மி.மீ.; பாதி 280, அதாவது ஓரடிக்கும் கீழே. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் பெரும்பாலும் ஹெட்லைட் மட்டத்தில்தான் இருக்கிறது, அப்படியிருக்க ஏன் இவ்வளவு குறைவு? எதிரே வரும் பஸ் கிளப்பும் அலைக்காகத்தான். துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகளில் இறங்கும் இடத்தில் ஓரடி என்றால் நடுவில் மூன்றடி இருக்கலாம். சாய்தளத்தில் தண்ணீரின் விளிம்பை வைத்து ஆழத்தைக் கணிக்காதீர்கள். பக்கச் சுவரின் அளவுக் கோடு தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

நடுவில் அணைந்துவிட்டால் சாவியைத் தொடக் கூடாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுழற்றினால் பிஸ்டன் மேலே ஏற முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சினே புதிதாகப் போடும் செலவு அங்கேதான் பிறக்கிறது. ஏற்கெனவே மூழ்கிய வண்டியை ‘ஒருமுறை அடித்துப் பார்ப்போம்’ என்று அடித்தால், சாதாரண பாலிசியில் இன்ஷூரன்ஸ்காரர் அது வெள்ளத்தின் சேதம் அல்ல, உங்கள் செயலின் விளைவு என்று ஒதுக்கலாம். எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் அதற்குத்தான். ஆனாலும் சாவியைத் தொடாமல் இருப்பதே மலிவு. நியூட்ரலில் தள்ளிக் கரையேற்றி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நான்கு சக்கரமும் மேலே ஏறும் வண்டியில் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். அங்கே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்க்கட்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது முதல் வேலை. கியர் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அணையாமல் கரையேறிவிட்டாலும் அடுத்த 200 மீட்டர் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி உலர்த்துங்கள். இரண்டு வாரம் கழித்துச் சக்கரத்திலிருந்து ‘ம்ம்’ என்று சீரான இரைச்சல் வந்தால் பேரிங்கில் தண்ணீர் போயிருக்கிறது.

மகன் வெளிநாட்டில். அவனுடைய 2014 ஐ10 மாதம் இரண்டு முறைதான் நகர்கிறது. அடிக்கடி பேட்டரி இறங்குகிறது. 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் கெடுக்கும் என்கிறார்கள்.
– அம்பத்தூர் வாசகர்

பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வர வேண்டும். வராவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டரில். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது பேட்டரிக்கும் நல்லதல்ல, சைலன்சருக்கும் நல்லதல்ல. வாரம் ஒருமுறை 15 கி.மீ. ஓட்டுங்கள், முடியாதென்றால் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அதற்கேற்றவை, உங்களுடையது அல்ல. எரிபொருள் ஹோஸ்களில் வெடிப்பு, இன்ஜெக்டர் ஓ-ரிங்கில் கசிவு இரண்டையும் சர்வீஸில் தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வந்தால் அன்றே காட்டுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். காலி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் முழுவதும் பெட்ரோலில் சேரும். நிறுத்துவதாக இருந்தால் முக்கால் டேங்காவது இருக்கட்டும்.